குப்பை மேட்டின் கீழே மணல்

கல்முனையில் குப்பையைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் சற்று நேரத்தில் அது காணிப் பேச்சாக மாறிவிடுகிறது. கொட்டுவதற்கு இடமில்லை, இருக்கிற இடத்தில் அயலவர்கள் விடுவதில்லை, அடுத்த சபையின் எல்லைக்குள் கொட்டினால் சண்டை. இதில் நியாயம் இல்லாமலில்லை. கல்முனை மாநகர சபையின் எல்லை ஏறத்தாழ 23 சதுர கிலோமீற்றர். அதற்குள் சுமார் 1 இலட்சம் பேர். கிழக்கே கடல், மேற்கே வயல்வெளியான வட்டை, நடுவே பெரியநீலாவணையிலிருந்து சாய்ந்தமருது வரை மதிலோடு மதில் முட்டிய வீடுகள். தெற்கே காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று இறங்கிப் போனாலும் ஒடுங்கிய கரையில் நெருங்கிய ஊர்கள் என்ற அமைப்பு பெரிதாக மாறுவதில்லை. ஆனாலும் ‘எங்கே கொட்டுவது’ என்ற கேள்வியை முதலாவதாக வைத்துக்கொண்டதால்தான் இவ்வளவு காலமும் விடை அகப்படவில்லை என்று நினைக்கிறேன். எதைக் கொட்டுகிறோம் என்பது தீராமல், எவ்வளவு நல்ல காணி கிடைத்தாலும் அது சில வருடங்களில் கெட்ட காணியாகிவிடும். இந்தக் கரையின் மண்ணும் நீரும் அப்படியானவை.

கரையோர ஊர்கள் பெரும்பாலும் கடல் ஒதுக்கிய மணலின் மேல் இருக்கின்றன. வயற்பக்கத்துக் களிமண்ணுக்கும் இந்த மணலுக்கும் இரசாயன ரீதியில் பெரிய வித்தியாசம் உண்டு. களியின் நுண்துகள்களின் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் இருக்கிறது; ஈயம், கட்மியம், அமோனியம் போன்ற நேர் மின்னேற்றம் உள்ளவற்றை அவை பிடித்து வைத்துக்கொள்ளும். மணல் எதையும் அப்படிப் பிடிப்பதில்லை. மேலே ஊற்றியது கீழே போய்ச் சேரும். கீழே சில மீற்றரில் நன்னீர் நிற்கிறது. மாரியில் அது இன்னும் மேலேறி வரும். உவர்நீரைவிட நன்னீர் இலேசானது என்பதால், கடல் பக்கத்திலிருந்து நிலத்துக்கடியில் புகுந்து நிற்கும் உவர்நீரின் மேல் அது மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீற்றர் ஆழம் வரை அது உவர்நீரைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நூறு வருடங்களுக்கு மேலாகத் தெரிந்த கணக்கு. கரையோரக் கிணறுகள் இவ்வளவு காலம் குடிநீர் தந்தது இந்த மெல்லிய சமநிலையால்தான். இப்போது அம்பாறைப் பக்கமிருந்து குழாய்நீர் வருகிறதே, கிணற்றுக்கு என்ன ஆனால் என்ன என்று கேட்கலாம். குழாய் உடைந்தாலோ வெள்ளம் வந்தாலோ வேறு அனர்த்தம் நேர்ந்தாலோ மிஞ்சுவது கிணறுதான். குளிக்கவும் துவைக்கவும் மரக்கறிக்கு இறைக்கவும் அன்றாடம் அதைத்தான் பலர் நம்பியிருக்கிறார்கள்.

இனி மேட்டுக்குள் நடப்பதைப் பார்ப்போம். இலங்கையின் நகரக் குப்பையில் நிறைப்படி பாதிக்கும் மேல் உக்கக்கூடியது: சோறு, மரக்கறித் தோல், மீன் செதில், குடல், இளநீர்க் கோம்பை, வாழையிலை. இவை குவியலாகக் கிடக்கும்போது நுண்ணுயிர்கள் உள்ளே இருக்கும் ஒட்சிசனைச் சில நாட்களில் தின்று தீர்த்துவிடும். அதன்பின் காற்று வேண்டாத நுண்ணுயிர்கள் பொறுப்பெடுக்கும். முதற் கட்டத்தில் அவை மாச்சத்தையும் கொழுப்பையும் அசற்றிக் அமிலம் போன்ற சேதன அமிலங்களாக உடைக்கின்றன. புதிய மேட்டிலிருந்து வடியும் கறுத்த நீர் புளிப்பாக இருப்பதும், நாற்றம் மூக்கைத் துளைப்பதும் இதனால்தான். வீட்டுக் கழிவுநீரை நுண்ணுயிர்கள் தூய்மையாக்க எவ்வளவு ஒட்சிசன் தேவையோ, அதைப்போல் பல பத்து மடங்கு ஒட்சிசன் இந்தக் கசிவுநீருக்குத் தேவைப்படும். மாதங்கள் கடந்த பிறகு வேறு வகை நுண்ணுயிர்கள் அந்த அமிலங்களை மீதேன் வாயுவாக்கும், புளிப்புக் குறையும். மீன், இறைச்சி, பருப்பில் இருந்த புரதம் மட்டும் அமோனியாவாக மாறி நீரில் தங்கிவிடுகிறது. காற்றில்லாத மேட்டுக்குள் அதை உடைப்பதற்கு ஆளில்லை. மூடப்பட்ட பழைய குப்பை மேடுகளில் பல தசாப்தங்களுக்குப் பிறகும் கசிவுநீரில் அமோனியா குறையாமலிருப்பதை ஐரோப்பிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன.

உலோகங்களின் கதை வேறு. பற்றரி, பழைய பெயின்ட் தகரம், மின்குமிழ், உடைந்த கைத்தொலைபேசி என்று உக்காத குப்பையோடு ஈயமும் கட்மியமும் நாகமும் செம்பும் மேட்டுக்குப் போகின்றன. இவை அப்படியே ஓடிக் கிணற்றில் விழும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆழமான, காற்றில்லாத மேட்டில் அப்படி நடப்பதில்லை. கந்தகத்தோடு சேர்ந்து கரையாத சல்பைட்டுகளாக உறைந்து அங்கேயே கிடக்கும். ஒழுங்காக அமைக்கப்பட்ட நிரப்பிடங்களில் 30 வருடங்களில் கசிவுநீரோடு வெளியேறும் உலோகம், போய்ச் சேர்ந்ததில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் நமது மேடுகள் அந்த வகை அல்ல. அவை ஆழமில்லாதவை. ஒவ்வொரு நாளும் புதிய ஈரக் குப்பை வந்து விழுவதால் புளிப்புக் கட்டம் முடிவதேயில்லை, புளிப்பு நீரில் உலோகம் கரையும். போதாததற்கு அடிக்கடி தீ. நெருப்பு சேதனப் பொருளையும் பொலித்தீனையும் எரித்துவிட்டு உலோகத்தைச் சாம்பலில் செறிய வைக்கிறது. காற்று அந்தச் சாம்பலை அயல் வளவுகளுக்குப் பரப்புகிறது. பீவிசி குழாய்த் துண்டுகள் அதற்குள் இருந்தால் டயொக்சினும் சேர்ந்துவிடும். ஆக ஒரு மேட்டிலிருந்து வரும் மாசை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். உப்பும் அமோனியாவும் அவற்றிலிருந்து பிறக்கும் நைத்திரேற்றும் நீரோடு நடப்பவை. உலோகமும் பிளாஸ்டிக்கும் மண்ணோடு தங்குபவை. இரண்டையும் ஒரே மருந்தால் தீர்க்கப் பார்ப்பதில்தான் பல நல்ல திட்டங்கள் வழி தவறுகின்றன.

நடக்கும் மாசுக்கு வாகனம் மழை. அம்பாறைக் கரையோரத்தில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான வடகீழ்ப் பருவத்தில்தான் ஆண்டு மழையின் பெரும்பகுதி கொட்டித் தீர்க்கிறது. ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றர் என்று கொண்டால், 1 ஹெக்டயர் மேட்டின் மேல் விழுவது 16,000 கனமீற்றர், அதாவது 1 கோடியே 60 இலட்சம் லீற்றர். அதில் மூன்றிலொரு பங்கு உள்ளே இறங்கினாலும் 50 இலட்சம் லீற்றருக்கு மேல் கறுத்த நீராக அடியால் வெளியேற வேண்டும். அது வட்டைக்குப் போகும், வாய்க்காலுக்குப் போகும், மணல் வழியே கடலுக்கும் கிணற்றுக்கும் போகும். மழைநீரைக் கடலுக்குக் கொண்டுபோகச் சாய்ந்தமருதில் இருக்கிற தோணா குப்பையாலும் நீர்த்தாவரங்களாலும் அடைபட்டு, தூர்வாரப்பட்டு, மறுபடி அடைபடுவது ஊரில் எல்லோரும் அறிந்த விடயம். வெள்ளம் வந்தால் மட்டும் அது செய்தியாகிறது. அந்தக் குப்பையின் ஊறல் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருப்பதைப் படம் பிடிக்க முடியாது.

இவ்வளவு நெருக்கமான ஊருக்குள் வைத்தால்தானே பிரச்சினை, தூரத்துக் காட்டோரம் கொண்டுபோய்விட்டால் என்ன என்ற யோசனைக்கு இந்த மாவட்டத்திலேயே ஒரு பரிசோதனை நடந்து முடிந்திருக்கிறது. பள்ளக்காட்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2008-இல் கழிவு முகாமைத்துவ நிலையம் ஒன்று உருவானது. சுற்றியுள்ள ஊர்களின் குப்பை அங்கே போனது. மீள்சுழற்சி செய்வதாக இருந்த குப்பை, கொட்டப்பட்ட குப்பையாக மட்டும் நின்றது. யானைகள் வராமலிருக்கப் போட்ட மின்வேலியை 2014-இல் மின்னல் தாக்கியது. அதன்பின் அது திருத்தப்படவில்லை. 2022 ஜனவரியில் இரண்டு யானைகள் அங்கே இறந்து கிடந்தபோது, 8 வருடங்களில் அவ்விடத்துக் குப்பையைத் தின்று இறந்தவை சுமார் 20 என்று சர்வதேசச் செய்தி நிறுவனங்கள் எழுதின. பிரேதப் பரிசோதனையில் பொலித்தீனும் உணவு சுற்றிய தாள்களும் தண்ணீருமே கண்டதாகவும், யானையின் வழமையான உணவு வயிற்றில் காணப்படவில்லை என்றும் வனஜீவராசிகள் மிருக வைத்தியர் சொன்னார். நாட்டில் இப்படி வனவிலங்கு வலயங்களை ஒட்டி 54 குப்பை மேடுகள் இருப்பதாகவும், அவற்றைச் சுற்றி ஏறத்தாழ 300 யானைகள் நடமாடுவதாகவும் அப்போது அதிகாரிகள் தெரிவித்தார்கள்.

படங்களில் யானையின் வாயில் தொங்கும் சொப்பின் பையைக் கண்டு எல்லோரும் பிளாஸ்டிக்கைத் திட்டினார்கள். திட்டலாம். ஆனால் யானை அங்கே பிளாஸ்டிக்குக்காக வரவில்லை. அழுகிய பழமும் மிஞ்சிய சோறும் மணக்க வந்தது. அந்தச் சோறு பொலித்தீனுக்குள் இருந்ததால் பொலித்தீனும் உள்ளே போனது. கிணற்றை நோக்கி நடக்கும் அமோனியாவும், மேட்டிலிருந்து கிளம்பும் நாற்றமும், தீப்பிடிக்கும் மீதேனும், காட்டிலிருந்து இறங்கும் யானையும் ஒரே மூலத்திலிருந்து பிறக்கின்றன. அந்த மூலம் ஈரக் குப்பை. அதைத் தனியே எடுத்துவிட்டால் எஞ்சும் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் தகரமும் துணியும் அழகான பொருட்களாகிவிடப் போவதில்லை. ஆனால் பெரும்பாலும் சும்மா கிடக்கும் பொருட்களாகிவிடும். சும்மா கிடக்கும் குப்பைக்குக் காணி தேடுவது வேறு வேலை. அதற்கு இடமும் குறைவாகவே வேண்டும், அயலவரின் எதிர்ப்பும் இவ்வளவு இராது.

இந்த மணலிடம் நமக்குச் சாதகமான ஒரு குணமும் உண்டு என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கரையோரக் கிணறுகள் கடல்நீராலும் அழுக்காலும் நிரம்பின. உதவ வந்தவர்கள் பம்புகளைக் கொண்டு கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். மட்டக்களப்புக் கரையோரத்தில் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கிணறுகளை மாதக்கணக்கில் அளந்து பார்த்தபோது, உப்பைக் குறைத்தது பிரதானமாக மழை என்று தெரிந்தது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியில் நிற்கும் உவர்நீர் மேலெழுந்து வரும் ஆபத்தையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். மாரி மழை மணலைக் கழுவியது. மாசை உடனே உள்ளே விடும் அதே மணல், மூலம் நின்றுவிட்டால் நடக்கும் மாசை வெளியேயும் விட்டுவிடும். ஆனால் சுனாமி ஒரு தடவை வந்து போனது. குப்பை மேடு, வாளிக்கு மேல் திருகாமல் விட்ட குழாய். கீழே எத்தனை பேர் நின்று இறைத்தாலும் குழாயைப் பூட்டும் வரை வாளி காலியாகாது.

தங்கிவிடும் மாசுக்கு மழையால் ஆவது ஒன்றுமில்லை. இங்கேதான் ‘மண்ணைச் சுத்திகரித்தல்’ என்ற சொல் பெரிய நம்பிக்கைகளைக் கிளப்புகிறது. வெட்டிவேர் நட்டால், சூரியகாந்தி நட்டால், கடுகு நட்டால் செடி உலோகத்தை உறிஞ்சி மண்ணைத் தூய்மையாக்கும் என்று பாடசாலைக் கண்காட்சிகள் வரை பேசப்படுகிறது. செடி உறிஞ்சுவது உண்மை. எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம். 1 ஹெக்டயர் நிலத்தில் மேல் 30 சென்ரிமீற்றர் மண் சுமார் 4,200 தொன் நிறை. அதில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஈயத்தைக் குறைக்க வேண்டுமானால் மொத்தம் 420 கிலோ ஈயத்தை வெளியே எடுக்க வேண்டும். உலர் நிறையில் ஆண்டுக்கு 10 தொன் விளையும் ஒரு பயிர், தன் உடலில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஈயத்தை ஏற்றிக்கொள்கிறது என்று தாராளமாகவே வைத்தாலும், ஒரு வருடத்தில் அது எடுப்பது 1 கிலோ. 420 வருடங்கள் தேவை. ஆசனிக்கு விரும்பியான ஒரு பன்னம் 2001-இல் கண்டறியப்பட்டது போல விதிவிலக்கான தாவரங்கள் இருக்கின்றன. அவையும் குறிப்பிட்ட ஓர் உலோகத்துக்கு, குறிப்பிட்ட மண்ணில் உதவுபவை. வெட்டிவேரை நடவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதன் ஆழமான வேர் சரிவு மண்ணைப் பிடித்து வைக்கும், தூசியை அடக்கும். ஈயத்தை அகற்ற நடுகிறோம் என்று மட்டும் சொல்லக்கூடாது.

அப்படியானால் தோண்டி எடுத்துவிடலாமே? தமிழ்நாட்டில் சென்னைப் பெருங்குடியின் பிரமாண்டமான குப்பைக் கிடங்கைக் கிளறி, சலித்து, பிளாஸ்டிக்கை ஒரு பக்கமும் கல்லை ஒரு பக்கமும் மண் போன்றதை ஒரு பக்கமும் பிரித்து நிலத்தை மீட்கும் வேலை அண்மைய வருடங்களில் நடந்து வருகிறது. காணிப் பஞ்சமுள்ள கல்முனைக்கு இது கவர்ச்சியான உதாரணம். ஆனால் சலித்தபின் மிஞ்சும் அந்த ‘மண் போன்றது’ மொத்தத்தில் பெரும் பங்கு. அதை எங்கே போடுவது என்பதில்தான் சிக்கல். டில்லி, ஹைதராபாத், கடப்பா ஆகிய இடங்களின் பழைய மேடுகளிலிருந்து இத்தகைய பொருளை எடுத்து டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் ஆராய்ந்தபோது, அயல் மண்ணைவிட உலோகங்களும் உப்புகளும் அதிகமாக இருந்தன. நீரில் போட்டால் நிறமும் கசிந்தது. பதப்படுத்தாமல் நேரடியாகப் பள்ளம் நிரப்பப் பாவிக்கத் தகாது என்பது அவர்கள் முடிவு. நமது பக்கம் அது கையில் கிடைத்தால் என்ன நடக்கும் என்று ஊகிக்க அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை: பள்ளக் காணி நிரப்பப் போய்விடும், மேலே வீடு எழும், பக்கத்தில் கிணறு வெட்டப்படும். இன்னொன்றும் உண்டு. காற்றில்லாத ஆழத்தில் சல்பைட்டாக உறைந்திருந்த உலோகம், தோண்டிக் காற்றுப் படவிட்டதும் மறுபடி கரையும் வடிவத்துக்கு மாறலாம். அடங்கிக் கிடந்ததை நாமே எழுப்பிவிட்டதாக ஆகும்.

ஆகவே இந்தக் கரையின் பழைய மேடுகளுக்கு நான் சொல்லும் வைத்தியம் கவர்ச்சியில்லாதது: கூட்டி ஒழுங்காக்கி, சரிவைத் தணித்து, மூடு. மழை உள்ளே இறங்காதபடி வயற்பக்கத்துக் களிமண்ணை இறுக்கமாகப் பரப்ப வேண்டும், அதன்மேல் மணலும் மேல்மண்ணும் புல்லும். சுற்றிவர வடிகான், வாயு வெளியேறக் குழாய்கள். சரிவைத் தணிப்பது ஏன் முக்கியம் என்பதற்கு, 2017 ஏப்ரல் 14-இல் மீதொட்டமுல்லையில் சரிந்து 32 உயிர்களைக் கொன்ற மேட்டைவிட வேறு சான்று வேண்டியதில்லை. விதிவிலக்கும் ஒன்றுண்டு. கடற்கரையை ஒட்டிய மேடுகளையும் கடற்கரை மணலில் புதைத்த குப்பையையும் எவ்வளவு செலவானாலும் தோண்டி அகற்றத்தான் வேண்டும். ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடல் அரித்துக்கொண்டு வரும் வேகத்தில், இன்று மூடியது நாளை அலையில் திறக்கும். ஆற்றோரத்திலும் வெள்ளம் பாயும் தாழ்நிலத்திலும் இருப்பவற்றுக்கும் இதே விதிதான்.

எரித்து மின்சாரம் எடுத்தால் எல்லாம் தீரும் என்பவர்கள் கெரவலப்பிட்டியைக் காட்டுவார்கள். 2021-இல் இயங்கத் தொடங்கிய அந்த 10 மெகாவாட் ஆலை கொழும்பின் குப்பையில் ஓடுகிறது. குப்பை தானாக எரிய வேண்டுமானால் அதன் எரிபெறுமானம் கிலோவுக்குச் சராசரி 7 மெகாயூல் இருக்க வேண்டும், எந்தப் பருவத்திலும் 6-க்குக் கீழே இறங்கக்கூடாது, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 தொன்னாவது கிடைக்க வேண்டும் என்று 1999-இல் உலக வங்கி வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. நமது குப்பையில் பாதிக்கு மேல் தண்ணீர். ஒவ்வொரு கிலோ தண்ணீரையும் ஆவியாக்கவே ஏறத்தாழ 2.4 மெகாயூல் போய்விடும். ஆளுக்கு நாளுக்கு அரைக் கிலோ என்று வைத்தால் கல்முனை எல்லைக்குள் சேர்வது 50 தொன், வருடத்துக்கு 18,000 தொன் அளவு. கரையோரச் சபைகளெல்லாம் சேர்ந்தால் அளவு எட்டலாம். ஈரம் அப்போதும் ஈரம்தான். ஈரத்தைப் பிரித்தெடுத்தால் எரிபெறுமானம் ஏறும், ஆனால் அளவு பாதியாகிவிடும். எரிப்பதென்றாலும் முதல் வேலை பிரிப்பதுதான் என்பது இங்கே தெரியவருகிறது.

‘சனம் பிரிக்காது’ என்பது நான் அதிகம் மதிக்கும் ஆட்சேபம். அதற்கு அனுபவத்தின் பலம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை குத்பாவில் தூய்மையைப் பற்றிக் கேட்டுவிட்டு வெளியே வந்த கையோடு தோணாவுக்குள் பை விழுகிறது. பிரித்துக் கொடுத்த குப்பையை ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் கலந்து கொட்டிக்கொண்டு போவதைக் கண்டால் யாருக்குத்தான் பிரிக்க மனம் வரும்? ஆனால் விழிப்புணர்வுப் பிரசாரங்கள் எப்போதும் குடும்பப் பெண்களைப் பார்த்தே பேசுவது ஏன் என்று எனக்கு விளங்குவதில்லை. செறிந்த ஈரக் குப்பை சில குறிப்பிட்ட வாசல்களிலிருந்து வருகிறது: பொதுச் சந்தை, மீன் சந்தை, இறைச்சிக் கடைகள், கோழிக் கடைகள், உணவகங்கள், கல்யாண மண்டபங்கள், ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யா கொடுக்கும் இடங்கள். இவர்களை எண்ணிவிடலாம். இவர்களுக்கு வியாபார அனுமதிப்பத்திரம் வழங்குவது சபை. தனி வாளி, தனி வண்டி, தினசரி எடுப்பு என்ற ஒழுங்கை இங்கே நிலைநிறுத்திய பின் வீட்டு வாசலுக்குப் போகலாம். சின்ன வளவுக்காரரிடம் கூட்டெருத் தொட்டியைக் கொடுத்துப் புழுவும் மணமும் சகித்துக்கொள்ளச் சொல்வதைவிட இது நேர்மையானது.

எடுத்த ஈரக் குப்பையைப் பசளையாக்கும் விஞ்ஞானத்தில் இந்தப் பிரதேசம் அதிர்ஷ்டசாலி. நுண்ணுயிர்களுக்கு 25 முதல் 30 பங்கு காபனுக்கு 1 பங்கு நைதரசன் இருந்தால் வேலை நன்றாக ஓடும். மீன் கழிவில் காபன் 5 பங்களவே இருப்பதால் தனியே குவித்தால் அமோனியாவாக நாறும். வைக்கோலில் அது 60-ஐத் தாண்டும். தனியே குவித்தால் மாதக்கணக்கில் அசையாது. கடல் ஒரு பக்கம், வட்டை மறுபக்கம் என்ற அதே ஒடுக்கமான புவியியல் இரண்டையும் சில கிலோமீற்றருக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறது. நாமோ ஒன்றை மேட்டில் அழுக விடுகிறோம், மற்றதை அறுவடை முடிந்ததும் வயலில் கொளுத்துகிறோம். உமி வைக்கோல் போல உக்காது, அதில் சிலிக்கா அதிகம். குவியலுக்குள் காற்றோட்டம் தருவதற்கு அது நல்லது. குவியலின் உட்புறம் 55 பாகை செல்சியசில் குறைந்தது 3 நாள் நிற்கும்படி கிளறிப் போட்டால் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் அழியும்.

பசளையை வாங்க ஆளில்லை என்ற முறைப்பாடு இதற்குப் பதிலாக வரும். 2021-இல் இரசாயன உரத்தைத் திடீரென நிறுத்தியபோது நாடு முழுக்கக் கூட்டெருவுக்கு ஓடித் திரிந்ததை அம்பாறை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கொள்கை அதே வருட நவம்பரில் கைவிடப்பட்டது, கைவிடப்பட வேண்டியதுதான். நகரக் கூட்டெருவால் ஒரு வேளாண்மைக்கு வேண்டிய நைதரசனைக் கொடுக்க முடியாது. அதன் உண்மையான பயன், மணலுக்குச் சேதனப் பொருளைச் சேர்த்து ஈரத்தையும் சத்தையும் பிடிக்கச் செய்வது. அதற்கான வாடிக்கையாளர் நெல் விவசாயியைவிடக் கரையோரத்தில் மரக்கறியும் தென்னையும் வைத்திருப்பவர். அவர் வாங்காததற்குக் காரணம் பைக்குள் கண்ணாடித் துண்டும் பொலித்தீன் நாரும் இருப்பது. கலந்த குப்பையிலிருந்து செய்து கடைசியில் சலித்தெடுக்கும் கூட்டெரு எப்போதும் அப்படித்தான் இருக்கும், உலோகமும் அதில் கூடும். இலங்கைத் தரநிர்ணயம் கூட்டெருவில் எவை எவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரையறுத்திருக்கிறது. ஆரம்பத்திலேயே பிரித்த ஈரக் குப்பைக்கு அந்த வரையறைக்குள் நிற்பது பெரிய காரியமில்லை.

பொறுப்பு யாருடையது என்பதில் சட்டம் மயக்கமில்லாமல் பேசுகிறது. மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி சேகரிக்கப்பட்ட குப்பை சபையின் சொத்து, அதை விற்கவும் அகற்றவும் சபைக்கு அதிகாரமுண்டு; 1987-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்திலும் இதே ஏற்பாடு இருக்கிறது. சொத்து என்றால் அதிலிருந்து ஒழுகுவதும் உரிமையாளரின் கணக்கில்தான் சேர வேண்டும். யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின் நிலையத்தின் எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மாசாக்கியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டி, கிணறு கெட்டவர்களுக்காக 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த உத்தரவிட்டது. அங்கே நட்டஈடு செலுத்த வேண்டியிருந்தது ஒரு நிறுவனம். குப்பைக் கசிவால் கிணறு கெட்டவர் நாளை ஒரு சபைக்கு எதிராக வழக்குப் போனால் அதே கொள்கை பொருந்தாது என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை.

அப்படி ஒரு வழக்கு வந்தாலும், அதற்கு முன் மேட்டை மூடும் திட்டம் வந்தாலும், தேவைப்படுவது அளவீடு. கரையோரத்தில் இதில் ஒரு பொறி இருக்கிறது. கிணற்று நீரின் மின்கடத்துதிறனை மட்டும் அளந்தால் உப்பு ஏறியிருப்பது தெரியும்; அது கடலுப்பா குப்பை உப்பா என்று தெரியாது. ஆகவே கடலின் தலையில் பழியைப் போட்டுவிடலாம். கூடவே பொற்றாசியத்தையும் அமோனியத்தையும் அளந்தால் வழி பிறக்கும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைட்டு, பொற்றாசியமோ 400-க்கும் குறைவு. அதாவது நூற்றுக்கு இரண்டு. உணவுக் கழிவில் ஊறி வந்த நீரில் பொற்றாசியம் குளோரைட்டோடு ஒப்பிடக்கூடிய அளவில் இருக்கும், அமோனியமும் கூடவே வரும். மேட்டின் மேற்கே ஒன்று, கிழக்கே நிலத்தடி நீர் ஓடும் திசையில் மூன்று என்று நான்கு சிறு குழாய்க் கிணறுகள். மாரிக்கு முன் செப்டெம்பரில் ஒரு முறை, மாரி முடிந்து பெப்ரவரியில் ஒரு முறை மாதிரி எடுப்பு. இந்தச் சோதனைகளுக்கு அரிய கருவி எதுவும் வேண்டாம், சாதாரண நீர் ஆய்வுகூடம் போதும். ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. சபை ஈரக் குப்பையை நிறுத்தி, மேட்டை மூடிய பின்னும் இதே நான்கு குழாய்களில் அளந்துகொண்டு வந்தால், அமோனியம் இறங்குகிறதா இல்லையா என்பதை அயலவர்களே ஒவ்வொரு பெப்ரவரியிலும் சபையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.